பின்சக்கரத்துக் கல்

கார் கொட்டகையைக் கூட்டப் போனபோதுதான் கமலவேணி அந்தக் கல்லைப் பார்த்தாள். வண்டியின் இடதுபக்கப் பின்சக்கரத்துக்கு யாரோ முட்டுக் கொடுத்திருந்தார்கள். தேங்காய் அளவில் ஒரு வெள்ளைச் சுண்ணாம்புக் கல். இரவெல்லாம் ஐப்பசித் தூறல் பெய்திருந்தது, ஆனால் கொட்டகைக்குத் தகரக் கூரை உண்டு. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. தரை காய்ந்து கிடந்தது. விளக்குமாற்றின் நுனியில் தூசி பறந்தது. கல் மட்டும் நனைந்திருந்தது.

பயம் வரவில்லை அவளுக்கு. கோபம்தான் வந்தது. ஒரு வருஷமாக எதற்கெடுத்தாலும் அவளுக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வரும். பால்காரர் தாமதித்தாலும் கோபம், மிக்சி ஓடாவிட்டாலும் கோபம், துபாயிலிருந்து புருஷன் போன் பேசி வைக்கும்போது 'உடம்பப் பாத்துக்க' என்றாலும் கோபம். தெருப் பிள்ளைகள் சுவரேறிக் குதித்து விளையாடிய வேலை என்று முனகிக்கொண்டே கல்லை இரண்டு கையாலும் தூக்கினாள். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி சில்லென்று இருந்தது. கேட்டைத் திறந்து எதிர்ப்பக்கம் காலி மனையின் சுற்றுச்சுவருக்கு அப்பால் வீசினாள். விழுந்த சத்தம் கேட்கவில்லை. ஈரப் புல் அல்லவா, கேட்காதுதான் என்று சொல்லிக்கொண்டாள்.

அந்தக் கார் அவளுடையது இல்லை. அவள் தங்கை தென்றலுடையது.

சின்ன வயசில் வந்த காய்ச்சலில் தென்றலுக்கு இடதுகால் சூம்பிப்போனது. கிளட்ச் மிதிக்கிற கால் அது. அதனால் அப்பா செல்லமுத்து, மெட்ராஸில் ஒரு டாக்டர் ஓட்டிய பழைய ஆட்டோமேட்டிக் காரைத் தேடிப்பிடித்து வாங்கித் தந்தார். பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தென்றல் அதிலேதான் போவாள், வருவாள். அரியலூர் அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் கமலவேணியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பெருமையாகப் பாடம் நடத்துவாள். இது 'பி'. பார்க்கிங். இதுல போட்டா வண்டி பூட்டுன மாதிரி, நகராது. இது 'என்', நியூட்ரல். இதுல போட்டா யார் தள்ளுனாலும் போகும், சரிவா இருந்தா தானாவே போகும். 'பி'யில போட்டாத்தான்கா சாவியே கையில வரும், இல்லன்னா என்ன இழுத்தாலும் சாவி வராது. சாவி போடாம கியரும் 'பி'ய விட்டு அசையாது. எனக்கேத்த வண்டி, மறதிக்காரிக்கு.

அப்பா சுண்ணாம்புக் கல் சுரங்கத்துக்கு லாரி ஓட்டியவர். அந்தக் காலத்து லாரிகளில் ஹேண்ட் பிரேக் என்பது பேருக்குத்தான். மேட்டில் நிறுத்தினால் ஒருவர் இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் லீவு விட்டால் பெண்கள் இரண்டு பேரும் லாரியில் ஏறிக்கொள்வார்கள். கமலவேணி முன்னால் அப்பாவோடு சேர்ந்து பிரேக்கை மிதித்துக்கொள்வாள். தென்றல் நொண்டிக்கொண்டே போய்க் கல் வைப்பாள். வைத்துவிட்டு லாரியின் முதுகில் இரண்டு தட்டு. தட், தட். 'வச்சாச்சு.' திரும்பக் கிளம்பும்போது கல்லை உருவிவிட்டு ஒரே தட்டு. தட். 'எடுத்தாச்சு.' அதைக் கேட்காமல் பிரேக்கிலிருந்து காலை எடுக்கக் கூடாது என்பது அந்த லாரியின் சட்டம். கார் வாங்கிய பிறகும் தென்றலுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. 'பி'யில் போட்டு, சாவியை உருவி, இறங்கிப்போய் ஒரு கல்லும் வைத்தால்தான் அவளுக்கு மனசு அடங்கும். சொந்தக்காரர்கள் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவள் செத்த பிறகும் அதைத்தான் சொன்னார்கள், சிரிக்காமல்.

செந்துறைப் பக்கம் அவள் பேரில் இருந்த நிலத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று புருஷன் அறிவழகன் கூட்டிப்போயிருந்தான். வண்டியை ஓட்டியது தென்றல். கைவிட்ட சுரங்கம் ஒன்றின் மேட்டுப் பாதையில் வண்டி நின்றது. அது பின்னால் உருண்டு அவள் மேல் ஏறியது. தான் தள்ளி நின்று போன் பேசிக்கொண்டிருந்ததாக அறிவழகன் சொன்னான். 'பி'யில் போட மறந்து நியூட்ரலிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டாளாம். வண்டி உருள ஆரம்பித்ததும் கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாளாம். சோதிக்க வந்தவர்கள் பிரேக்கைப் பார்த்தார்கள், டயரைப் பார்த்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே, ஓடுற வண்டிக்குக் கல்லு வைக்கப் போனவளை என்னன்னு சொல்றது, பாவம், புத்தி அவ்வளவுதான் என்றார்கள். கமலவேணிக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. செத்ததுகூடப் பிறகு. செத்தவள் முட்டாள் என்று ஊர் முடிவு கட்டியதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

தென்றலின் வலது கை மூடியே இருந்தது. பிணவறையில் அந்த விரல்களைப் பிரித்தவள் கமலவேணிதான். முந்தின நாள் வைத்த மருதாணி நகங்களில் சிவப்பாக இருந்தது. உள்ளங்கையில் கார் சாவி. அதைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தவள், யாரிடமும் தரவில்லை.

உயிர் குடித்த வண்டி எங்கள் வாசலில் நிற்கக் கூடாது என்று அறிவழகன் வீட்டில் சொல்லிவிட்டதால், ஸ்டேஷனிலிருந்து விடுவித்த காரை இழுத்துவந்து இங்கே கொட்டகையில் விட்டு, கியரை 'பி'க்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். கொட்டகை மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து கேட் வரை சிமெண்ட் சரிவு. கேட்டைத் தாண்டினால் குறுகின சந்து, சந்துக்கு அந்தப்பக்கம் காலி மனையின் சுவர். ஒரு வருஷமாக 'பி'யில் பூட்டியபடி, முகத்தை வீட்டுச் சுவர் பக்கம் வைத்துக்கொண்டு வண்டி நின்றது.

முந்தின நாள்தான் அறிவழகன் போன் செய்தான். வாரிசுச் சான்று தன் பேருக்கு வந்துவிட்டது, நாளைக்கு மத்தியானம் வந்து வண்டியைப் பழைய இரும்புக்கு எடுத்துப்போகிறேன் என்றான். வேறு இடத்தில் சம்பந்தம் பேசியிருக்கிறது, பெண் வீட்டார் அந்த வண்டி கண்ணிலேயே படக் கூடாது என்கிறார்கள் என்றும் சொன்னான். சொன்ன குரலில் ஒரு கூச்சம்கூட இல்லை. கமலவேணி மறுக்கவில்லை. மறுக்க அவளிடம் காகிதம் எதுவும் இல்லை. வண்டி போவதற்குள், அது தென்றலின் தப்பு இல்லை என்ற ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வர வேண்டும். அது மட்டும் போதும் அவளுக்கு.

மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வெளியே மூட்டம். செந்துறை ரோட்டில் சிமெண்ட் லாரிகள் போகிற உறுமல் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது, ஒன்று தேய்ந்து மறைவதற்குள் அடுத்தது, அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு மூச்சுவிடுகிற மாதிரி பழகிப்போன சத்தம். திடீரென்று அது நின்றது. தட்டில் கஞ்சி சொட்டுவது மட்டும் கேட்டது. பிறகு கொட்டகைப் பக்கமிருந்து, தகரத்தில் உள்ளங்கை படுகிற மாதிரி,

தட், தட்.

கரண்டி கையிலேயே இருந்தது. லாரி உறுமல் திரும்ப வந்தது. கமலவேணி பின்வாசல் வழியாக நடந்து போய்ப் பார்த்தாள். அதே சக்கரம். அதே கல். அதிலிருந்து தண்ணீர் வழிந்து சரிவில் ஒரு விரல் அகலத்துக்குக் கோடு போட்டு இறங்கியிருந்தது. சுரங்கத்துப் பள்ளத்தில் தேங்கிய மழைத்தண்ணீரின் வாடை, சுண்ணாம்பும் பாசியும் கலந்த வாடை, கொட்டகை முழுக்க நின்றது.

அவள் கல்லைத் தொடவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். அவளுக்கு அப்போதும் கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்துக்குக் கீழே வேறொன்று, தரைக்கடியில் எலி ஓடுகிற மாதிரி ஓட ஆரம்பித்திருந்தது.

அறிவழகன் பொழுது சாயப்போகிற நேரத்துக்குத்தான் வந்தான். வெள்ளைச் சட்டை, புதிதாகச் சாயம் அடித்த மீசை. இழுவை வண்டி சந்துக்குள் நுழையாது, ரோட்டில் டீக்கடைப் பக்கம் நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன், காரை உருட்டிச் சந்து முனை வரைக்கும் கொண்டுபோனால் போதும் என்றான். சாப்பிடச் சொன்னாள், வேண்டாம் என்றான். தண்ணீர் கொடுத்தாள், ஒரு வாய் குடித்துவிட்டுச் செம்பைச் சுவரோரம் வைத்தான்.

கொட்டகைக்குப் போனதும் அவன் கண் கல்லில்தான் முதலில் விழுந்தது. குனிந்து பார்த்தான். பிறகு சிரித்தான்.

"என்னா அண்ணி, தங்கச்சி வழக்கத்த நீங்க விடல போலருக்கு."

"நான் வைக்கல."

"பின்ன யாரு, வண்டியே வச்சுக்கிச்சா?"

செருப்புக் காலால் கல்லை எற்றினான். அது சரிவில் உருண்டு கேட்டைத் தாண்டிச் சந்தில் போய் நின்றது. கமலவேணி அது நின்ற இடத்தைப் பார்த்துவைத்துக்கொண்டாள்.

பேட்டரி செத்துப்போய் மாதக்கணக்காகிறது. கதவைத் திறந்தபோது உள்விளக்கு எரியவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். கயிறு அறுந்த ராட்டினம் மாதிரி தொளதொளவென்று வந்தது. சாவியைக் கேட்டான். காணோம் என்றாள் கமலவேணி. முந்தானை முடிச்சு இடுப்பில் உறுத்திக்கொண்டிருந்தது.

சாவி இல்லாமல், கரண்ட் இல்லாமல், கியர் 'பி'யை விட்டு அசையாது என்று அவளுக்குத் தெரியும். தென்றல் சொல்லித் தந்தது. ஆகையால் இன்றைக்கு இவன் வெறுங்கையோடுதான் போவான், மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு நாளைக்கு வரட்டும், அதற்குள் கேட்கவேண்டியதைக் கேட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

"சாவி எதுக்கு அண்ணி" என்றான் அறிவழகன். "அது இல்லாமலே எடுக்கலாம்."

பையிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். வண்டியைச் சுற்றிக்கொண்டு போனான். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு திறந்தே இருந்தது. அதை விட்டுவிட்டு இடதுபக்கக் கதவைத் திறந்து, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். தேடவில்லை. தடவிப்பார்க்கவில்லை. கியர் கம்பியின் அடியில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. யாரும் சொல்லாவிட்டால் அது மூடி என்றே தெரியாது. ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அதை ஒரு நெம்பு நெம்பினான். டப் என்று கழன்றது. அதற்கடியில் கறுப்பாக ஒரு பொந்து. நுனியை அதில் விட்டு அழுத்திக்கொண்டு, வலது கையால் கியரை இழுத்தான்.

"பூட்டுன்னா அதுக்கு ஒரு கள்ளச்சாவி இருக்கத்தானே செய்யும். இதான் அது" என்றான், அவள் கேட்காமலே.

கமலவேணி அந்தப் பொந்தையே பார்த்தாள். அவள் கெட்டிக்காரி என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் இது விளங்குவதற்குக் கெட்டிக்காரத்தனம் தேவைப்படவில்லை. 'பி'யில் போட்டால்தான் சாவி கையில் வரும். தென்றலின் கைக்குள் சாவி இருந்தது. அப்படியானால் அவள் மறக்கவில்லை. பூட்டிவிட்டுத்தான் இறங்கினாள். பூட்டிய வண்டிக்குத்தான் கல் வைக்கக் குனிந்தாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த யாரோ, சாவி இல்லாமலே, இந்தப் பொந்தில் எதையோ விட்டு அழுத்தி...

"மாப்ள" என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. "இது எப்படி உங்களுக்குத் தெரியும்? கார் ஓட்டவே வராதுன்னுதான ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தீங்க."

"போன்ல பாத்தேன்."

"இந்தப் பக்கம் ஒக்காந்து எடுக்கணும்னும் போன்லயா போட்டுருந்தான்?"

அவன் கை நின்றது. தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். முகத்தில் பயம் இல்லை, கோபமும் இல்லை. கடையில் பேரம் படியாத ஆளைப் பார்க்கிற பார்வை.

"சாவி அவ கையில இருந்துச்சு" என்றாள் கமலவேணி. "நான்தான் எடுத்தேன். எங்கிட்டதான் இருக்கு. என் தங்கச்சி பூட்டிட்டுத்தான்டா எறங்குனா. நீ உள்ள ஒக்காந்திருந்த."

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டதை இரண்டு பேருமே கவனித்தார்கள்.

"சரி. யாருகிட்ட சொல்லப்போறீங்க?" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். எரித்தாயிற்று, கேஸ் மூடியாயிற்று, இன்னும் கொஞ்ச நேரத்தில் வண்டியும் இரும்பாகிவிடும், இந்த வயசில் பைத்தியம் என்று பேர் வாங்கிக்கொள்ளாதீர்கள் என்றான். அந்த நிலத்தை எழுதிக் கொடு என்று எத்தனை தடவை கேட்டும் அவள் கேட்கவில்லையே என்று, யாரோ மூன்றாம் மனுஷனைப் பற்றிச் சொல்வதுபோல முணுமுணுத்தான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கியரை இழுத்தான்.

வண்டியின் பாரம் முழுக்க அந்தப் பூட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. இறுகிப்போய் அசைய மறுத்தது. இன்னொரு இழு. வண்டியின் அடிவயிற்றிலிருந்து எலும்பு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். கியர் வழுக்கிக்கொண்டு நியூட்ரலில் வந்து விழுந்தது.

சரிவில் நிற்கிற வண்டி. பூட்டும் இல்லை, பிரேக்கும் இல்லை. அறிவழகன் பதறிப்போய் ஒரு காலை வெளியே வைத்தான்.

வண்டி நகரவில்லை.

ஒரு அங்குலம்கூட நகரவில்லை. அவன் இறங்கினான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்சக்கரத்தைப் பார்த்தார்கள்.

கல் அங்கே இருந்தது. நனைந்து, வெள்ளையாக, டயருக்கு அடியில் ஆப்பு மாதிரி இறுக்கமாக. கமலவேணி சந்தைப் பார்த்தாள். அது உருண்டு நின்ற இடத்தில் ஈரத்தடம் மட்டும் இருந்தது. அங்கிருந்து கேட் வழியாக, சரிவு வழியாக, சக்கரம் வரைக்கும் கால்தடங்கள். வலதுகால் முழுசாகப் பதிந்திருந்தது. இடதுகால் இழுத்துக்கொண்டு வந்திருந்தது.

அறிவழகன் தடத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். "வெளையாடுறீங்களா?" என்றான். அவள் கொட்டகைத் தூணோடு தூணாக நின்றிருந்தாள், அடி எடுத்து வைக்கவில்லை என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்ததனால்தானோ என்னவோ குரல் இன்னும் ஏறியது. கல்லைத் தான் உருவுவதாகவும், அவள் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொள்ள வேண்டும் என்றும், சொல்லும்போது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை எடுக்க வேண்டும் என்றும் கத்தினான்.

கமலவேணி மறுத்திருக்கலாம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கலாம். அவள் போய் உட்கார்ந்தாள். ஏன் உட்கார்ந்தாள் என்று அவளையே கேட்டால், பிரேக்கை மிதிப்பதுதான் எப்போதும் அவள் வேலை என்று சொல்லியிருப்பாள்.

சீட்டு ஈரமாக இருந்தது. காருக்குள் ஒரு வருஷத்துப் புழுக்கம். ரெக்சின் வாடை, எலிப்புழுக்கை வாடை, அதற்கெல்லாம் அடியில் பவுடரும் மருதாணியும் கலந்து, குளித்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருகிறவளின் வாடை. வலதுகாலால் பிரேக்கை மிதித்தாள். பெடல் கல்லாக இறுகி நின்றது. இன்னும் அழுத்தினாள். பின் கண்ணாடியில் சுண்ணாம்புத் தூசி அப்பியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. இடதுபக்கத்துக் கண்ணாடியில் மட்டும் அவன் தெரிந்தான். சக்கரத்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து குனிந்த முதுகு, வெள்ளைச் சட்டை.

தெருவில் கரண்ட் போனது. எதிர்வீட்டு டிவி பாதி வார்த்தையில் அறுந்தது. ரோட்டில் லாரிகளின் உறுமல் நின்றது.

கல்லை அசைக்கிற கரகரப்பு. அவனுடைய முக்கல். "வர மாட்டேங்குது" என்று அவன் தனக்குத்தானே திட்டிக்கொள்வது கேட்டது. பிறகு திட்டு நின்றது.

"அண்ணி" என்றான். "எறங்கியா வந்தீங்க?"

அவள் கண்ணாடியைப் பார்த்தாள்.

வெள்ளைச் சட்டை முதுகு. அதன் பக்கத்தில் இன்னொரு முதுகு. பச்சைச் சேலை. அவனைப் போலவே குந்தி, குனிந்து. ஒரு காலை மடக்க முடியாமல் நீட்டி வைத்துக்கொண்டு. தோளோடு தோள். கல்லை எடுக்க உதவுகிற மாதிரி.

அன்றைக்குத் தென்றல் கட்டியிருந்த பச்சை.

கமலவேணி கத்த வாய் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. காலை இன்னும் அழுத்தினாள். இரண்டு காலாலும். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, முதுகை சீட்டில் முட்டுக் கொடுத்துக்கொண்டு.

கல் உரசும் சத்தம்.

தட்.

ஒரே தட்டு.

"எடுத்தாச்சுக்கா."

பிரேக் தரையோடு இருந்தது. அவள் கால் அதன் மேல் இருந்தது. வண்டி நகர்ந்தது.

முதலில் மெதுவாக. ஒரு கேவல். டயர் எதன் மேலோ ஏறி இறங்கியது. சிமெண்டில் எதுவோ இழுபடும் சத்தம். கேட் தூண் பக்கத்தில் போனது. ஆகாசம் கண்ணாடியில் சாய்ந்தது. சந்து. பிறகு சுவர்.

இடி பலமாக இல்லை. நடுவில் ஒன்று இருந்து தாங்கிக்கொண்டது.

நிசப்தம்.

டக்.

அவள் கண்ணெதிரில் கியர் தானாக முன்னால் போனது. நியூட்ரலிலிருந்து 'பி'க்கு. பூட்டிக்கொண்டது.

கதவைத் திறக்கப் பார்த்தாள். பக்கத்தில் கேட் தூணா, என்ன என்று தெரியவில்லை, கதவு திறக்கவில்லை. பின்னாலிருந்து குரல் வந்தது. உயிரோடுதான் இருந்தான்.

"அண்ணி... வண்டிய முன்ன தள்ளச் சொல்லுங்க... நெஞ்சு... நியூட்ரல்ல போடுங்க அண்ணி..."

கமலவேணி அசையவில்லை. ஒரு வருஷமாக நெஞ்சில் இருந்த முள் தொண்டைக்கு வந்து நின்றது.

"சொல்லு" என்றாள். "அன்னைக்கு யாரு எடுத்தது?"

"நான்தான்." மூச்சு வாங்கியது. "நான்தான் எடுத்தேன். அவ பூட்டிட்டுத்தான் எறங்குனா. அவ மேல தப்பு இல்ல. போதுமா. எடுங்க அண்ணி... எடுங்க..."

அவளுக்கு வேண்டிய வார்த்தை அதுதான். வந்துவிட்டது. வந்ததும், வெந்நீர் போல ஏதோ உடம்பை விட்டு வடிந்தது. இதை இவன் ஊருக்கு முன்னால் சொல்ல வேண்டும், ஸ்டேஷனில் சொல்ல வேண்டும், அந்தப் பந்தலில் மூக்கைச் சிந்திய பெண்கள் எல்லாரும் கேட்க வேண்டும். அதற்கு இவன் சாகக் கூடாது. அவசர அவசரமாக முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைப் போட்டுத் திருப்பினாள். செத்த பேட்டரி. கியர் அசையவில்லை. பக்கத்து சீட்டில் ஸ்க்ரூ டிரைவர் கிடந்தது. எடுத்தாள். மூடி கழன்ற பொந்து இருட்டில் இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. நுனியை உள்ளே விட்டாள். அழுத்தினாள்.

இறங்கவில்லை.

"தென்றலு" என்றாள். "சொல்லிட்டான்டி. போதும் விடு."

மறுபடி அழுத்தினாள். உள்ளேயிருந்து யாரோ திருப்பி அழுத்தினார்கள். ஸ்க்ரூ டிரைவர் அவள் உள்ளங்கையைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. மெதுவாக. நிதானமாக. முழுசும் வெளியே வந்து மடியில் விழுந்தது.

பொந்து விளிம்பில், மருதாணிச் சிவப்பில், ஒரு நகம்.

பின்னால் அறிவழகனின் முனகல் நின்றிருந்தது. தகரத்தின் மேல் உள்ளங்கை விழுந்தது.

தட், தட்.

"வச்சாச்சுக்கா."